வீட்டை வித்துப்போட்டு கவுன்சில் வீட்டுக்குப் போகலாமோ? (லண்டன்)

சன்னலோரம் எழுதியது:

வணக்கம். இஞ்ச கனகாலமா வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன், எழுதினது குறைவு. இதைக் கேக்க வேற இடம் தெரியேல்லை, சொந்தக்காரரிட்டக் கேட்டா விடியிறதுக்குள்ள கதை ரொறொன்ரோ மட்டும் போயிடும்.

நாங்கள் லண்டன் வடமேற்குப் பக்கம், 2009ல வாங்கின மூண்டு அறை டெரஸ் வீடு. இவருக்கு 53 வயசு. போன வருஷம் ஸ்ட்ரோக் வந்தது, பேச்சு பறவாயில்லை, ஆனா இடப்பக்கம் இன்னும் சரிவரேல்லை, பழைய வேலைக்குத் திரும்பிப் போறதெண்ட கதை இனி இல்லை. நான் சூப்பர்மார்க்கெட்டில பார்ட் டைம். மகளுக்கு 15, மகனுக்கு 10. மோட்கேஜ் முந்தி 1.7 வீதத்தில ஃபிக்ஸ் பண்ணி மாசம் 1270 பவுண் போனது, 2023 கடைசியில அது முடிய 5.6ல தான் புதுசு கிடைச்சது, இப்ப 1800. ரெண்டு சம்பளம் இருக்கேக்க அதையும் எப்பிடியோ இழுத்துக்கொண்டு போனம், இப்ப என்ர அரைச் சம்பளமும் சேமிப்பும் தான், சேமிப்பு கூடிப்போனா வாற பொங்கல் வரைக்கும் தாங்கும்.

பாத்ரூம் மேல. படுக்கையும் மேல. இவர் படியில இருந்து இருந்துதான் ஏறுறவர்.

வீடு அஞ்சு லட்சத்துக்குக் கிட்டப் போகுமெண்டு ஏஜென்ட் சொல்லுறார், கட்ட இருக்கிறது ஏறக்குறைய ரெண்டரை லட்சம். என்ர மச்சான் சொல்லுறார் வித்துக் கடனைக் கட்டிப்போட்டு கவுன்சிலில (குறைஞ்ச வாடகைக்கு வீடு தாற உள்ளூராட்சிச் சபையில) போய் நில்லுங்கோ, ஏலாத மனுசன் எண்டா கீழ்த்தளத்தில ஃபிளாட் தருவாங்கள், மிச்சக் காசு பிள்ளையளுக்கு எண்டு. கேக்க நல்லாத்தான் இருக்கு. உது உண்மையா நடக்குமோ? ஆராவது சொந்த வீட்டில இருந்து கவுன்சில் வீட்டுக்குப் போன ஆக்கள் இருக்கிறீங்களோ?

வெம்பிளியான் எழுதியது:

தங்கச்சி, மச்சான் சொன்னதில பாதி சரி. காசை உங்கட பேரில வைச்சிருந்தா ஒண்டும் தரமாட்டாங்கள். முதல்ல வீட்டை சகோதரத்தின்ர பேருக்கு மாத்துங்கோ, அவர் உங்களை எழும்பச் சொல்லி ஒரு லெட்டர் தரட்டும், அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. எத்தனை பேர் செய்யினம். சும்மா சட்டம் சட்டம் எண்டு பயந்தா இந்த நாட்டில ஒண்டும் நடவாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேல எழுதினதைத் தயவுசெய்து செய்யாதேங்கோ. அண்ணை கோவிக்கவேண்டாம், ஆனா இது ஒரு குடும்பத்தைத் தெருவில விடுற யோசனை. நான் கிழமையில ஒருநாள் ஒரு ஆலோசனை நிலையத்தில வொலண்டியரா இருக்கிறன், உந்த "லெட்டர்" கதையோட வாற எங்கட ஆக்களைக் கண்டுகொண்டுதான் இருக்கிறன்.

முதல் ஒண்டு விளங்கோணும். கவுன்சிலில ரெண்டு வாசல். ஒண்டு வீட்டுப் பட்டியல், பேரைப் பதிஞ்சு பாண்ட் (எவ்வளவு அவசரத் தேவை எண்ட தரம்) தருவாங்கள், பேந்து ஒவ்வொரு கிழமையும் வாற வீடுகளுக்கு பிட் பண்ணிக்கொண்டு (இந்த வீடு வேணும் எண்டு பதிஞ்சுகொண்டு) இருக்கிறது. மற்றது வீடில்லாதவை எண்டு போய் நிக்கிறது. ரெண்டுக்கும் வேற வேற விதி, சனம் ரெண்டையும் போட்டுக் குழப்புறதாலதான் பாதிப் பிரச்சினை.

பட்டியல்: 2011ல வந்த லோக்கலிசம் சட்டத்துக்குப் பிறகு ஆர் பட்டியலில வரலாம் எண்டதை ஒவ்வொரு கவுன்சிலும் தானே தீர்மானிக்கலாம். கனக்கக் கவுன்சில் சொந்த வீடு இருக்கிற ஆக்களை எடுக்காது, இத்தனை வருஷம் இந்த ஏரியாவில இருந்திருக்கோணும் எண்டும், சேமிப்பு இவ்வளவுக்கு மேல இருக்கக்கூடாது எண்டும் வைச்சிருக்கு. உங்கட கவுன்சிலின்ர அலொகேஷன் பொலிசி (ஆருக்கு வீடு குடுக்கிறது எண்ட விதி) அவையின்ர வெப்சைட்டில கிடக்கும், நீளமா இருக்கும், ஆனா அதை வாசியுங்கோ, மச்சானை விட்டுப்போட்டு. வீட்டை வித்து ரெண்டரை லட்சம் கையில இருந்தா அவை சொல்லப்போறது ஒண்டே ஒண்டு, அந்தக் காசில வாடகைக்கு எடுங்கோ இல்லாட்டி சின்னதா வாங்குங்கோ.

வீடில்லாத வாசல்: 1996 ஹவுசிங் சட்டம், 191ம் பிரிவு. தொடர்ந்து இருந்திருக்கக்கூடிய ஒரு வீட்டை வேணுமெண்டு விட்டிட்டு வந்தா "வேணுமெண்டே வீடிழந்தவர்" எண்டு முடிவெடுக்கலாம். அப்பிடி எழுதினா கொஞ்சக் காலத்துக்கு ஒரு இடம் தந்து ஆலோசனை தருவினம், நிரந்தரமா வீடு தேடித்தாற கடமை இல்லை. இருக்கிற வீட்டை சகோதரத்துக்கு எழுதிக் குடுத்துப்போட்டு அவர் எழும்பச் சொல்லுறார் எண்டு போய் நிண்டா லாண்ட் ரெஜிஸ்ட்ரியில (சொத்துப் பதிவகத்தில) கொஞ்சக் காசுக்கு எடுத்துப் பாத்தாலே ஆர் எப்ப ஆருக்கு மாத்தினது எண்டு தெரியும். பெனிஃபிட் பக்கமும் அதே கதை, குடுத்த சொத்தை இன்னும் உங்களிட்ட இருக்கிறமாதிரியே கணக்கில எடுப்பினம். கவுன்சிலுக்குப் பொய் சொல்லுறது அதே சட்டத்தில குற்றம் வேற.

உண்மையிலேயே கட்ட வழியில்லாமல் மோட்கேஜ் விழுந்து வீடு போனா அது வேற, அதை வேணுமெண்டு விட்டதா எடுக்கக்கூடாது. ஆனா அதுக்கு நீங்கள் எல்லா வழியும் பாத்தனீங்கள் எண்டதுக்கு கடதாசி இருக்கோணும். பாங்குக்கு எழுதினது, அவை எழுதினது, வரவு செலவு எல்லாம்.

நீங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரேல்லை எண்டு நினைக்கிறன். சில கேள்வி கேக்கிறன், மறுமொழி தாங்கோ. மோட்கேஜ் எடுக்கேக்க கிரிட்டிக்கல் இல்னஸ் இன்சூரன்ஸ் (பெரிய வருத்தம் வந்தா காசு தாற காப்புறுதி) எடுத்தனீங்களோ? இவருக்கு பிப் (ஏலாத ஆக்களுக்கு அரசாங்கம் தாற உதவிப் பணம்) போட்டாச்சோ? யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைஞ்ச குடும்பத்துக்கு அரசாங்கம் தாற உதவி)?

பனங்காய் எழுதியது:

கவுன்சில் வீட்டை எடுத்து மூண்டு வருஷம் இருந்திட்டு அதையே கழிவில வாங்கலாமே. என்ர பெரியப்பா ஈஸ்ட் ஹாமில அப்பிடித்தான் வாங்கினவர், இப்ப அந்த வீட்டுக்கு விலை என்ன தெரியுமோ.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பெரியப்பா நல்ல காலத்தில வாங்கியிருக்கிறார். 2024 நவம்பர் 21ல இருந்து இங்கிலாந்தில அந்தக் கழிவைக் குறைச்சாச்சு, லண்டனில முந்தி 1,36,400 பவுண் வரைக்கும் கிடைச்சது, இப்ப பெரும்பாலான இடங்களில கூடினது 16,000. ஸ்கொட்லாந்திலயும் வேல்ஸிலயும் திட்டமே இல்லை.

கோயமுத்தூர்காரன் எழுதியது:

நான் தப்பா சொன்னா மன்னிச்சுக்குங்க. உங்க கஷ்டம் புரியுது மேடம், ஆனா கைல ரெண்டரை லட்சம் பவுண்டு நிக்கிற ஒரு குடும்பம் கவுன்சில் வீடு கேக்கறது எனக்கு சரியா படல. இங்கிலாந்துல வெயிட்டிங் லிஸ்ட்ல 13 லட்சம் குடும்பத்துக்கு மேல இருக்காங்க, ஒரு லட்சத்துக்கு மேல குடும்பங்க டெம்பரரி இடத்துல கிடக்கறாங்க. நான் விசால இருக்கேன், எனக்கு இதுல எதுவுமே கிடையாது, வரி மட்டும் கட்டறேன், அதனால சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க. இல்லாதவங்களுக்குன்னு இருக்கறத இருக்கறவங்க எடுத்தா அப்புறம் அது எதுக்கு?

மழைக்கோட்டு எழுதியது:

தம்பி, "இருக்கிறவங்க" எண்டு ஒரு சொல்லில முடிச்சிட்டீங்கள். நான் வீட்டுச் சொந்தக்காரியா இருந்து கவுன்சில் வீட்டுக்கு வந்தவள். என்ர கதையைச் சொல்லுறன், பிறகு யோசியுங்கோ.

2016ல ரெண்டு பிள்ளையளோட வீட்டை விட்டு வெளிய வந்தனான். ஏன் எண்டு விளக்கமா எழுதேல்லை, கை நீட்டுற மனுசன் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. வீடு ரெண்டு பேரின்ர பேரிலயும். கவுன்சில் கவுண்டரில இருந்த பிள்ளை கொம்ப்யூட்டரைப் பாத்திட்டு முதல் சொன்னது உங்களுக்குத்தான் வீடு இருக்கே எண்டு. பேரில பாதி வீடு இருக்கு, ஆனா அதுக்குள்ள போய்ப் படுக்க ஏலாது. சட்டத்தில இதுக்கு இடம் இருக்கு, வன்முறை இருக்கிற வீட்டில தொடர்ந்து இருக்கச்சொல்லிக் கேக்கக்கூடாது, பேரில இருந்தாலும் வீடில்லாதவர் எண்டுதான் எடுக்கோணும். அதை எனக்குச் சொன்னது கவுன்சில் இல்லை, பெண்களுக்கு உதவுற ஒரு நிலையத்தில இருந்த பஞ்சாபி அக்கா ஒராள். அவா ஒரு லெட்டர் எழுதித் தந்து என்னோட வந்தும் நிண்டவா. அதுக்குப் பிறகுதான் கதை மாறினது.

முதல் ஒரு ஹோட்டல். ஒரு அறை, மூண்டு பேர், சமையலுக்கு நாலைஞ்சு குடும்பத்துக்கு ஒரு குசினி. அறைக்குள்ள ரைஸ் குக்கர் கூட வைக்கேலாது. பிள்ளையளோட இருக்கிற ஆக்களை அப்பிடியான இடத்தில 6 கிழமைக்கு மேல வைச்சிருக்கக்கூடாது எண்டு விதி இருக்கு, எங்களை அதுக்கு மேல வைச்சிருந்தவை, கேட்டா இடமில்லை. பிறகு வேற பரோவில (வேற கவுன்சில் பகுதியில) ஒரு டெம்பரரி ஃபிளாட், பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பஸ் மாறிப் போகோணும். அதில வருஷக்கணக்கு. பெரியவன் ஜிசிஎஸ்ஈ (16 வயசில எடுக்கிற பள்ளிக்கூடச் சோதனை) எடுத்ததே அந்த வீட்டில இருந்துதான், கட்டிலில இருந்து படிச்சவன். அதுக்கிடையில கோர்ட்டில வீட்டை விக்கச் சொல்லி ஓடர் எடுத்து, மோட்கேஜும் சொலிசிட்டரும் போக என்ர பங்குக்கு வந்த காசு சொன்னா சிரிப்பீங்கள். அதையும் கவுன்சிலுக்குச் சொல்லிக் கடதாசி குடுத்தனான்.

இப்ப இருக்கிறது மூண்டாம் மாடியில ரெண்டு அறை. முதல் 12 மாசம் இன்ட்ரொடக்டரி டெனன்சி (பாத்துப் பாக்கிற காலம்), அதுக்குப் பிறகு செக்கியூர் (லேசில எழுப்பேலாத உரிமை). சொந்த வீட்டில இருந்து வந்தவளுக்கு என்ன வித்தியாசம் எண்டு கேட்டா, பொய்லர் நிண்டா நான் ஃபோன் பண்ணுறன், அவங்கள் வருவாங்கள், சில நேரம் அண்டைக்கே, சில நேரம் ரெண்டு கிழமை. காசு நான் குடுக்கிறேல்லை. முந்தி பொய்லர் நிண்டா நெஞ்சு நிக்கும். வாடகையும் அதே ரோட்டில தனியார் ஃபிளாட்டுக்குக் கேக்கிற காசில பாதியும் வராது. மற்றப் பக்கம், பாத்ரூம் மூலையில பூஞ்சணம், எழுதி எழுதிக் களைச்சுப் போனன். ரோச்டேலில அவாப் இஷாக் எண்ட ரெண்டு வயசுப் பிள்ளை 2020ல பூஞ்சண வீட்டால செத்தது தெரியும்தானே, அந்தப் பேரிலயே ஒரு சட்டம் வந்து 2025 ஒக்டோபர் 27ல இருந்து நடைமுறையில இருக்கு, டாம்ப் (சுவர் ஈரம்), பூஞ்சணம் எண்டா இத்தனை நாளுக்குள்ள வந்து பாக்கோணும் எண்டு. அதைக் குறிப்பிட்டு எழுதினாப் பிறகுதான் ஒராள் வந்து சுவரைத் தட்டிப் பாத்தவர்.

சனத்தின்ர கதை வேற. கலியாண வீட்டில ஒரு மாமி என்னட்ட "இப்ப கவுன்சிலிலயாம் இருக்கிறாய்" எண்டு கேட்டவா, ஏதோ ஜெயிலில இருக்கிற மாதிரி. அவாவின்ர மகனும் மருமகளும் ரெண்டு வேலை செய்து மோட்கேஜ் கட்டுறது எனக்குத் தெரியும், நான் ஒண்டும் சொல்லேல்லை.

தம்பி, ஆருக்கு வீடு "இருக்கு" எண்டது லாண்ட் ரெஜிஸ்ட்ரியில இருக்கிற பேர் மட்டும் இல்லை. அதுதான் சொல்ல வந்தது. சன்னலோரம் அக்காவுக்கு, கணக்குப்பிள்ளை சொல்லுறதைக் கேளுங்கோ. டெம்பரரி எண்டது ஏலாத மனுசனோட போற இடமில்லை.

கோயமுத்தூர்காரன் எழுதியது:

உங்க விஷயம் முழுக்க வேற, அத நான் கேள்வி கேக்கல. ஸாரி. ஆனா நான் சொன்னது பணம் கைல இருக்கறவங்கள பத்தி, அதுல மாத்தமில்ல.

பழைய_பேப்பர் எழுதியது:

ஒரு சின்னத் தகவல், தலைப்பை விட்டுக் கொஞ்சம் வெளியதான். கவுன்சில் வீடு எண்டா "இல்லாதவைக்கு மட்டும்" எண்டது தொடக்கத்தில இருந்த கதை இல்லை. முதலாம் உலக யுத்தம் முடிய 1919ல சட்டம் போட்டுப் பெரிய அளவில கட்டத் தொடங்கேக்க தொழிலாளர் வீடு எண்டு இருந்தது, 1949ல அனூரின் பெவன் அமைச்சரா இருக்கேக்க அந்தத் தொழிலாளர் எண்ட சொல்லையே சட்டத்தில இருந்து எடுத்தவை. டொக்டரும் இறைச்சிக்கடைக்காரனும் தோட்டக் கூலியாளும் ஒரே ரோட்டில இருக்கோணும் எண்டதுதான் அந்த ஆளின்ர எண்ணம். 1980 அளவில கிட்டத்தட்ட மூண்டில ஒரு குடும்பம் கவுன்சில் வீட்டில. அந்த வருஷம் தாட்சர் அரசாங்கம் வித்துத் தள்ளச் சட்டம் போட்டது, வித்த அளவுக்குத் திருப்பிக் கட்டேல்லை. வீடு குறையக் குறையத்தான் வரிசையும், ஆர் கூட ஏழை எண்ட போட்டியும். பனங்காயின்ர பெரியப்பா வாங்கின வீட்டுக்குப் பதிலா ஒண்டு கட்டியிருந்தா இஞ்ச ரெண்டு பேர் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

பனங்காய் எழுதியது:

பெரியப்பாவை விடுங்கோவன்

ஈஸ்ட்ஹாம்_தம்பி எழுதியது:

சொந்த வீட்டில இருந்து கவுன்சில் வீட்டுக்குப் போறது ஒரு இடத்தில மட்டும் சுலபம், அது ஷெல்டர்ட் ஹவுசிங், வயசான ஆக்களுக்கு. எங்கட அம்மா அப்பா அப்பிடித்தான் போனவை. அப்பாவுக்கு அப்ப 76, வீடு சொந்தம், ஆனா மூண்டு தட்டுப் படி, முழங்கால் ரெண்டும் போச்சு. எங்கட கவுன்சில் சொந்த வீடு இருந்தாலும் வீடு உடம்புக்குப் பொருந்தாட்டி ஷெல்டர்டுக்கு எடுக்கலாம் எண்டு பொலிசியில வைச்சிருந்தது. பெரிசா ஆக்கள் போட்டி போடுறதும் இல்லை, ஒரு அறை ஃபிளாட், லிஃப்ட், இழுத்தா ஆக்கள் வாற அலாரம் கயிறு, கீழ பொது ஹோல், அதில அம்மா இப்ப ஒரு பங்களாதேஷ் அம்மாவோட கரம் விளையாடுறா.

ஆனா காசுக் கணக்கை முதல்லயே பாருங்கோ, இதுதான் நான் எழுதக் காரணம். இருக்கிற வீடு வீடா இருக்கும்வரை பென்ஷன் கிரெடிட்டுக்கோ (வருமானம் குறைஞ்ச வயசான ஆக்களுக்கான உதவி) மற்றதுக்கோ கணக்கில வராது. வித்தவுடன அது பாங்கில கிடக்கிற காசு. 16,000 பவுணுக்கு மேல சேமிப்பு இருந்தா பொதுவா ஹவுசிங் பெனிஃபிட் (வாடகைக்குத் தாற உதவி) இல்லை, பென்ஷன் கிரெடிட்டில கரண்டீ கிரெடிட் எண்ட பகுதி எடுக்கிற ஆக்களைத் தவிர. அதால அப்பா அம்மா முழு வாடகையும் சேர்விஸ் சார்ஜும் தங்கட காசில கட்டினம். இன்னொண்டு, நாளைக்கு ஒராள் கேர் ஹோமுக்குப் போகவேண்டி வந்தா, மற்றவர் வீட்டில இருக்கிறவரைக்கும் சொந்த வீட்டைக் கணக்கில எடுக்கமாட்டினம், ஆனா காசை எடுப்பினம், இங்கிலாந்தில 23,250க்கு மேல இருந்தா முழுச் செலவும் உங்கட. நாங்கள் மூண்டு பிள்ளையளும் இதைக் கதைச்சுத்தான் சம்மதிச்சனாங்கள், அம்மா விழுந்து இடுப்பு உடையிறதை விட உது நல்லது எண்டு. எல்லாருக்கும் அந்தக் கணக்கு ஒண்டா வராது.

உங்கட அவருக்கு 53 எண்டபடியா இப்ப ஷெல்டர்ட் கஷ்டம், 55 அல்லது 60க்கு மேலதான் கூடுதலா.

சன்னலோரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீங்கள் எண்டு நினைக்கேல்லை. மழைக்கோட்டு, உங்கடதை ரெண்டு தரம் வாசிச்சன்.

கோயமுத்தூர் தம்பிக்கு, நீங்கள் சொன்னது எனக்குக் கோவம் இல்லை, எனக்கும் அந்த எண்ணம் வந்ததுதான்.

கணக்குப்பிள்ளை கேட்டதுக்கு: கிரிட்டிக்கல் இல்னஸ் எடுத்திருந்தனாங்கள், 2021ல ஃபர்லோ காலம் (கொரோனாவால வேலை நிண்டிருந்த காலம்) காசு காணாமல் நிப்பாட்டினது. பிப் போடேல்லை, ஆஸ்பத்திரியில ஒரு பேப்பர் தந்தவை, இவருக்கு அது பிச்சை எடுக்கிற மாதிரி எண்டு பிடிக்கேல்லை. யுனிவர்சல் கிரெடிட் சொந்த வீடு இருக்கிற ஆக்களுக்கு இல்லை எண்டுதான் எல்லாரும் சொன்னவை. பாங்கோட இன்னும் கதைக்கேல்லை, கதைச்சா பேர் கெட்டு வீட்டை எடுத்துப்போடுவாங்கள் எண்டு பயம்.

இன்னொரு கேள்வி. ஊரில, கோப்பாய்ப் பக்கம், இவற்ற பேரில ஒரு காணி இருக்கு, சீதனமாக் குடுக்காமல் மிஞ்சினது, தேப்பன் எழுதினது. அதில ஒரு குடும்பம் கனவருஷமா இருக்கினம், வாடகையும் இல்லை ஒண்டும் இல்லை. அதையும் சொல்லோணுமோ?

வெம்பிளியான் எழுதியது:

காணியை ஏன் சொல்லுறீங்கள்? கோப்பாயில வந்தா பாக்கப் போறாங்கள்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

சொல்லத்தான் வேணும். கவுன்சில் ஃபோமிலும் பெனிஃபிட் ஃபோமிலும் வெளிநாட்டுச் சொத்தும் கேக்கினம், இல்லை எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சா அது பொய். சொன்ன உடன எல்லாம் போயிடும் எண்டும் இல்லை, அங்க வித்தா என்ன வரும், அதில கடன் இருக்கோ, இருக்கிற ஆக்களை எழுப்பேலுமோ எல்லாம் பாத்துத்தான் பெறுமதி போடுறது. ஆனா யாழ்ப்பாணத்தில இப்ப காணி விலை போற போக்கில 16,000 பவுண் எண்ட எல்லைக்கு அது கிட்ட வரலாம், அதால ஊரில ஒரு மதிப்பீட்டாளரிட்ட எழுத்தில விலை எடுங்கோ, காணி உறுதிப்பத்திரத்தின்ர பிரதியும். இந்தக் காணிக் கதையை ஃபோமை அனுப்ப முதல் ஒரு ஆலோசகரோட இருந்து கதையுங்கோ, இஞ்ச எழுதுறதை நம்பி அனுப்பவேண்டாம். கையில சேமிப்பு இப்ப எவ்வளவு எண்டும் அவரிட்டச் சொல்லுங்கோ, காணியும் அதுவும் சேர்த்துத்தான் கணக்கு.

இனி உங்களுக்கு. சொந்த வீடு இருக்கிற ஆக்களுக்கு யுனிவர்சல் கிரெடிட் இல்லை எண்டது பிழை. நீங்கள் இருக்கிற வீட்டைக் கணக்கில எடுக்கிறேல்லை. வாடகைக்குத் தாற பகுதி தான் உங்களுக்கு வராது. 3 மாசம் தொடர்ந்து எடுத்தாப் பிறகு மோட்கேஜ் வட்டிக்கு உதவி கேக்கலாம், 2023க்கு முதல் அது 9 மாசமா இருந்தது, வேலை செய்தா கிடைக்காது எண்டும் இருந்தது, இப்ப நீங்கள் பார்ட் டைம் செய்தாலும் கேக்கலாம். அது 2018ல இருந்து கடன், இனாம் இல்லை, வீட்டை விக்கேக்க வட்டியோட திருப்பிக் கட்டோணும். கடனில 2 லட்சம் பவுண் வரைக்கும் உள்ள பகுதிக்குத்தான், வட்டியும் அவை வைச்சிருக்கிற வீதத்தில, உங்கட 5.6ல இல்லை. முழுதும் வராது, ஆனா மாசாமாசம் ஒரு தொகை நேரா பாங்குக்குப் போகும்.

பிப் வருமானம் பாக்கிறேல்லை. இவரிட்டச் சொல்லுங்கோ, இத்தனை வருஷம் வரி கட்டின மனுசன், அது பிச்சை இல்லை. அது கிடைச்சா கெயரர் எண்டு உங்களுக்கும் ஒரு வழி திறக்கும்.

பாங்கோட கதையுங்கோ. இந்தக் கிழமையே. 2023 ஜூனில பெரிய பாங்குகள் எல்லாம் அரசாங்கத்தோட மோட்கேஜ் சார்ட்டர் எண்டு ஒரு உடன்பாடு செய்தவை, 6 மாசம் வட்டி மட்டும் கட்டலாம், அல்லது காலத்தை நீட்டலாம், அதால கிரெடிட் ஸ்கோரில அடி விழாது. முதல் தவணை தவறி 12 மாசத்துக்குள்ள உங்கட சம்மதம் இல்லாமல் வீட்டை எடுக்கிறேல்லை எண்டும் அதில இருக்கு. வீட்டுத் திறப்பை (சாவியை) பாங்கிட்டக் குடுத்துப்போட்டு வெளிய வாறது எண்ட யோசனை மட்டும் வேண்டாம், விக்கிறவரைக்கும் வட்டி ஓடும், கவுன்சிலும் நீங்களே விட்டிட்டீங்கள் எண்டு எழுதும். கோர்ட்டுக்குப் போனாலும் உடன வெளிய போடுறேல்லை, மிச்ச மோட்கேஜ் காலம் முழுக்க பரப்பிப் பாக்கி கட்டலாம் எண்டு நீதவான் நிறுத்தி வைக்கலாம். பாங்க் வீட்டைக் கேட்டு லெட்டர் போட்ட உடனேயே இலவச வழக்கறிஞர் இருக்கு, வருமானம் கேக்கிறேல்லை, 2023 ஓகஸ்டில இருந்து.

படிக்கட்டுப் பிரச்சினைக்கு: கவுன்சிலின்ர அடல்ட் சோஷல் கெயருக்கு (ஏலாத பெரியாக்களைக் கவனிக்கிற பகுதி) ஃபோன் பண்ணி ஒக்குப்பேஷனல் தெரபிஸ்ட் (வீட்டில என்ன வசதி வேணும் எண்டு பாக்கிறவர்) வரச்சொல்லிக் கேளுங்கோ. சொந்த வீடு எண்டாலும் டிசேபிள்ட் ஃபசிலிட்டீஸ் கிராண்ட் (ஏலாத ஆக்களுக்கு ஏத்தமாதிரி வீட்டை மாத்தத் தாற பணம்) கேக்கலாம், இங்கிலாந்தில 30,000 பவுண் வரைக்கும், கீழ ஒரு ஷவர் அறை, படிலிஃப்ட் எல்லாம் வரும். பெரியாளுக்குப் போடேக்க குடும்ப வருமானமும் சேமிப்பும் பாப்பினம். கிராண்ட் 5,000க்கு மேல போனா 10 வருஷத்துக்குள்ள வீட்டை வித்தா 10,000 வரைக்கும் திருப்பிக் கேக்க அவைக்கு உரிமை இருக்கு, அதையும் நினைவில வைச்சிருங்கோ. மகன் பத்து வயசு, ஒரு மூண்டு நாலு வருஷம் இந்த வீட்டில தாங்கினா பிறகு விக்கிறதா வேண்டாமா எண்டு ஆறுதலா யோசிக்கலாம். 55 தாண்டினா வயசான ஆக்களுக்கான ஷேர்ட் ஓனர்ஷிப் (வீட்டில ஒரு பங்கை மட்டும் வாங்கிறது) எண்டும் ஒண்டு இருக்கு, முக்கால்வாசி வாங்கினா மிச்சக் காலுக்கு வாடகை இல்லை.

கோயமுத்தூர்காரன் எழுதியது:

இத்தன விஷயம் இருக்குன்னு எனக்கே தெரியாது. இன்னொரு வழியும் பாருங்க, வித்தா கைல வர்ற காசுக்கு லெஸ்டர் பக்கம் கடனே இல்லாம ஒரு வீடு வாங்கிடலாம், நம்ம ஆளுங்களும் இருக்காங்க.

மழைக்கோட்டு எழுதியது:

ஓம், வாங்கலாம். ஆனா 15 வயசுப் பிள்ளையை ஜிசிஎஸ்ஈக்கு நடுவில இழுக்கிறதும், ஸ்ட்ரோக் டீமை விட்டுப் போறதும், அவாவின்ர வேலையும். நான் எண்டா இப்ப செய்யன்.

சன்னலோரம் எழுதியது:

பாங்கோட கதைச்சன். ஃபோனில இருந்த ஆள் நல்லவர், நான் அழுதும் போட்டன். வட்டி மட்டும் எண்டு 6 மாசத்துக்கு மாத்தியாச்சு, வாற மாசத்தில இருந்து 1800க்குப் பதிலா 1200க்குக் கிட்ட. பிப் ஃபோம் வந்திருக்கு, மகள்தான் இருந்து நிரப்புறாள், இவர் மற்ற அறையில ரிவியைச் சத்தமா வைச்சுக்கொண்டு இருக்கிறார். தெரபிஸ்ட்டுக்குப் பதிஞ்சிருக்கு, எப்ப வருவினம் எண்டு சொல்லேல்லை. யுனிவர்சல் கிரெடிட் காணி விலை வந்தாப் பிறகு ஆலோசனை நிலையத்தில இருந்து போடுவம் எண்டு இருக்கிறன், அப்பொயின்ட்மென்ட் எடுத்தாச்சு. மச்சானுக்கு ஒண்டும் சொல்லேல்லை. வீட்டை இப்ப விக்கேல்லை.

ஒண்டு மட்டும், உந்த 6 மாசம் முடிய என்ன செய்யிறது? திரும்பக் கேக்கலாமோ?

கணக்குப்பிள்ளை எழுதியது:

சார்ட்டரில அந்த 6 மாசம் ஒருக்காத்தான். ஆனா அது முடிய முதலே, நாலாம் மாசமளவில, காலத்தை நீட்டுறதுக்குக் கேளுங்கோ, அதுக்குள்ள பிப் முடிவும் மற்றதும் வந்திருந்தா காட்ட ஒரு கணக்கு இருக்கும். பாங்கோட கதைச்ச திகதி, ஆள் பேர், சொன்னது எல்லாம் ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. பிப் ஃபோமில இவர் நல்லா இருக்கிற நாளை எழுதவேண்டாம், கூடுதலான நாள் எப்பிடியோ அதை எழுதுங்கோ. படி ஏற எவ்வளவு நேரம், ஆர் பிடிக்கிறது, குளிக்கேக்க ஆர் பக்கத்தில நிக்கிறது, பெல்ட் போடேலுமோ எண்டு சின்னச் சின்னதா. இல்லை எண்டு வந்தா ஒரு மாசத்துக்குள்ள திருப்பிப் பாக்கச் சொல்லிக் கேக்கலாம், சிலபேருக்கு ரெண்டாம் தரம்தான் கிடைக்கிறது.

பனங்காய் எழுதியது:

எனக்கும் ஒரு கேள்வி. பெரியப்பாவின்ர அந்த ஈஸ்ட் ஹாம் ஃபிளாட் லீஸ்ஹோல்ட் (கட்டடம் கவுன்சிலின்ர, ஃபிளாட் நீண்டகாலக் குத்தகையில), இப்ப கவுன்சில் கூரை மாத்துறமெண்டு அவருக்கு ஒரு பெரிய பில் அனுப்பியிருக்கு

நெறியாளர்:

பனங்காய், அதுக்குப் புது இழை திறவுங்கோ. லீஸ்ஹோல்ட் பில் பற்றி ஏற்கெனவே ரெண்டு இழை இருக்கு, முதல் அதை வாசிச்சிட்டு.